முள் சுவருக்கு, பஞ்சு துணிக்கு

ஆர்லன் ட்வெய்ட்டின் டிரெய்லர் வீட்டுக்குள் வந்து பெஞ்சில் உட்காருகிறவர்கள் இரண்டு காலையும் தரையில் நன்றாக ஊன்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மெத்தை மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து, பேச்சு சூடுபிடிக்கும் நேரம் பார்த்து ஆளை மேசைக்கு அடியில் கொண்டுபோய் விட்டுவிடும். பழகியவர்கள் உட்காரும்போதே ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொள்வார்கள். ஆர்லன் அதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை.

"சும்மா உக்காந்திருந்தா முதுகு பிடிச்சுக்கும். இது உங்களுக்கு உடற்பயிற்சி" என்பான்.

மெத்தை மட்டுமா? ஜன்னல் திரைகள் துணிக் கிளிப்புகளின் தயவில் நின்றுகொண்டிருந்தன. படுக்கைக்கும் சமையல் மூலைக்கும் நடுவே இருக்கும் தடுப்புத் திரை ஒரு முனையில் மட்டும் ஒட்டிக்கொண்டு, மழையில் நனைந்த காக்கையின் இறக்கை மாதிரி தொங்கியது. டார்ச் விளக்கு, டி.வி. ரிமோட், ஈ அடிக்கும் மட்டை எல்லாம் சுவரில் தத்தம் இடத்தை இழந்து, ஒரே பிளாஸ்டிக் வாளிக்குள் குடித்தனம் நடத்தின.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். வண்டியோடு வந்த, அழுத்தினால் ஒட்டி இழுத்தால் பிரியும் வெல்க்ரோ பட்டைகள் உயிரை விட்டிருந்தன. அரிசோனா பாலைவனத்து வெயிலில் பசை காய்ந்து பொடியாக உதிர்ந்தது. முள் பக்கம் நூலும் முடியும் அடைத்துக்கிடந்தது. பஞ்சுப் பக்கம் மொட்டைத் தலையாகியிருந்தது. ஒட்டினால் ஒட்டும், திரும்பிப் பார்த்தால் விழும்.

பக்கத்திலேயே நின்ற டிரெய்லர் ஆர்லனின் அக்கா வெர்டெல்லுடையது. அங்கே கரண்டிகூட இடம் மாறாது. வெர்டெல் தம்பியைவிட ஆறு வயது மூத்தவள். தம்பியின் வண்டிக்குள் நுழையும்போதெல்லாம் கண்ணை மேலே உயர்த்திக்கொள்வாள், எதையும் பார்க்காமல் இருப்பதற்காக. மேலேயும் ஒரு பட்டை பிரிந்து தொங்கும்.

ஆனால் அந்தத் தம்பியைப் பற்றி வேறு யாராவது ஒரு சொல் குறைவாகச் சொல்லிவிட முடியாது. வெர்டெல் உடனே வடக்கு டக்கோட்டாவுக்குப் போய்விடுவாள். அவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய காலத்தை எடுத்துக்கொண்டு உட்காருவாள். எச்சில் துப்பினால் தரையில் விழுவதற்குள் உறைந்துவிடும் குளிரில், ஊரே போர்வைக்குள் சுருண்டிருக்கும்போது, அவன் போய் எஞ்சினைக் கிளப்பிச் சூடாக்கி வைப்பான். எந்தப் பிள்ளை கையுறை மறந்து வரும், எந்தப் பிள்ளை அழுதுகொண்டே ஏறும், யாரை யார் பக்கத்தில் உட்காரவைக்கக் கூடாது என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அவன் இருக்கைக்கு அடியில் ஒரு பை நிறையக் கையுறைகள் இருக்கும். எல்லாம் வெர்டெல் பின்னியவை. இந்தக் கடைசி விவரத்தை மட்டும் அவள் சொல்லமாட்டாள்.

பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் அவன்தான். கல்யாணம் என்று ஒன்று அவனுக்கு நடக்கவில்லை. "பஸ்ஸுல நாப்பது பிள்ளைங்க, போதாதா?" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவான். பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பழைய டிரெய்லரை வாங்கிக்கொண்டார்கள். வடக்கே முதல் பனி விழுந்ததும் தெற்கே இந்தப் பாலைவனத்துக்கு வந்துவிடுவார்கள். கள்ளிச்செடிகளுக்கு நடுவே, சரளைக் கல் தரையில், தங்களைப் போலவே குளிருக்குத் தப்பி வந்த கூட்டத்தோடு பங்குனி வரை இருப்பார்கள். திரும்பும்போது ஆர்லனின் வண்டி முன்னால் போகும், வெர்டெல் பின்னால் போவாள். அப்படித்தான் வழக்கம்.

இந்தக் குளிர்காலத்தில் அயோன் வந்து சேர்ந்தாள்.

கனடாவின் சஸ்காச்சுவானிலிருந்து தனியாக வந்தவள். கணவன் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் ரொட்டியும் இனிப்பும் சுட்டுக் காலம் கழித்தவள். முட்டை வடிவத்தில் ஒரு சின்ன டிரெய்லர். அதை ஒரு வேலமரத்துக்கும் ஒரு பாறைக்கும் நடுவே இருந்த சந்துக்குள், ஒரே மூச்சில் பின்பக்கமாக விட்டு நிறுத்தினாள். இறங்கிப் பார்க்கவில்லை, முன்னால் எடுத்துத் திருத்தவில்லை. முகாமில் இருந்த ஆண்கள் எல்லாரும் கையில் காப்பியோடு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் காப்பியைக் குடித்து முடித்தார்கள். ஆர்லனின் காப்பி கையிலேயே ஆறிப்போனது.

அதற்குப் பிறகு அவனுக்கு அந்தப் பக்கம் நிறைய வேலை வந்துவிட்டது. அவள் சக்கரத்துக்குக் காற்று போதுமா, சூரிய மின்தகட்டில் தூசி படிந்திருக்கிறதா, குழாய் ஒழுகுகிறதா என்றெல்லாம் கவலைப்பட்டான். அவள் மாவுக்குள் காட்டுப்பழம் வைத்துச் சுட்ட இனிப்பில் ஒரு துண்டைத் தட்டில் வைத்துக் கொடுப்பாள். தட்டைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு தடவை போவான்.

ஒரு வியாழக்கிழமை, எல்லாரும் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூட்டாகச் சாப்பிடும் விருந்தில், அவன் வாயைத் திறந்துவிட்டான்.

"அயோன், பனி கரைஞ்சதும் வடக்கே கிளம்புவோமே... நாம சேர்ந்து போனா என்ன?"

அயோன் தட்டிலிருந்த பீன்ஸைக் கடைசிவரை சாப்பிட்டாள். பிறகு சொன்னாள்:

"திங்கட்கிழமை தொட்டி காலி பண்ணப் போறீங்கல்ல? நானும் வரேன். திரும்பி வந்ததும் கதவை நான் திறக்கிறேன். உள்ள பாத்துட்டுச் சொல்றேன்."

சுற்றியிருந்தவர்கள் கரண்டியை நிறுத்திவிட்டார்கள்.

கதவு திறப்பது அந்தக் கூட்டத்தில் பெரிய விஷயம். பாலைவனத்தில் குழாயும் கிடையாது, சாக்கடையும் கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவரவர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஊர் எல்லைக்குப் போய், கழிவுத் தொட்டியைக் காலி செய்து, நல்ல தண்ணீர் நிரப்பிக்கொண்டு வர வேண்டும். போகிற மண் சாலை முழுக்க வரிவரியாகப் பள்ளம். பல் ஆடாமல் யாரும் அதில் போய் வந்ததில்லை. நின்ற இடத்தில் எல்லார் வீடும் அழகுதான். அந்த வரிப்பாதையில் போய்த் திரும்பினால்தான் எது பிடித்து நிற்கிறது, எது விழுகிறது என்று தெரியும். அதனால் வண்டி திரும்பியதும் அக்கம்பக்கத்தார் காப்பிக் கோப்பையோடு வந்து நின்றுகொள்வார்கள். கதவு திறக்கும். உள்ளே கிடப்பதைப் பார்த்துச் சிரிப்பார்கள், பிறகு எல்லாருமாகச் சேர்ந்து பொறுக்கிக் கொடுப்பார்கள். கூட்டத்தில் ஒருவனான டுவெய்னின் பெரிய வண்டியில் ஒருமுறை சர்க்கரை டப்பாவும் தேன் பாட்டிலும் ஒன்றாக உடைந்த கதையை இன்னும் சொல்கிறார்கள்.

தனி ஆள் ஒருவர் இன்னொருவரோடு சேர யோசிக்கிறார் என்றால், கதவைத் திறக்கும் உரிமை அவருக்கு. யார் எப்போது ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. விளையாட்டாகச் சொல்வார்கள், ஆனால் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆர்லன் அன்றிரவே அக்காவின் கதவைத் தட்டினான்.

"அக்கா, என் வண்டி எப்படி இருக்கு? உண்மையச் சொல்லு."

"உண்மையா? பன்னி குட்டி போட்ட எடம் மாதிரி இருக்கு."

"திங்கட்கிழமைக்குள்ள சரி பண்ண முடியுமா?"

வெர்டெல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். தம்பி எதற்காகவும் இப்படிக் கதவைத் தட்டி அவள் பார்த்ததில்லை. அவள் சொன்னதைக் கேட்டு அவன் சிரிக்கவும் இல்லை. விஷயம் பெரியதுதான் என்று அவளுக்குப் புரிந்தது.

"காலையில வரேன். சூடு காத்து அடிக்கிற ஹேர் டிரையர் என்கிட்ட இருக்கு. உன் தூண்டில் நரம்பை எடுத்து வை" என்றாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க உரிப்பு வேலை. பழைய பட்டையை விரலால் பிய்த்தால் சுவரின் மேல்தாளும் சேர்ந்து வந்துவிடும். டிரெய்லர் சுவர் என்பது மெல்லிய பலகை, அதன்மேல் மரம் மாதிரி அச்சடித்த தாள், அவ்வளவுதான். வெர்டெல் டிரையரால் பட்டையை இளக்குவாள். ஆர்லன் தூண்டில் நரம்பின் இரண்டு முனையையும் பிடித்து, பட்டைக்கும் சுவருக்கும் நடுவே விட்டு, வெண்ணெய் அறுப்பதுபோல இழுத்து இழுத்து அறுப்பான். மிச்சம் நிற்கும் பசையில் சமையல் எண்ணெய் தடவி ஊறவைத்து வழித்தார்கள். எண்ணெய்ப் பிசுக்குப் போக ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தார்கள்.

"இந்த ரிமோட்டுக்கு இங்க ஒரு பட்டை இருந்துச்சா?" என்று ஆர்லன் சுவரைப் பார்த்து ஆச்சரியப்பட்டான்.

"எட்டு வருஷமா உன் கண்ணு முன்னாடி இருக்குடா."

"நான் அதை ஸ்விட்ச்னு நெனச்சேன்."

டுவெய்ன் கதவருகே வந்து எட்டிப் பார்த்தான். முகாமிலேயே பெரிய வண்டி அவனுடையது. வாயும் அப்படித்தான்.

"என்னய்யா ஆர்லன், மாப்பிள்ளை வீட்டுக்கு வெள்ளையடிக்கிறியா?"

"வேலை இருந்தா உள்ள வா. இல்லன்னா காத்தை மறைக்காதே" என்றாள் வெர்டெல். டுவெய்ன் காற்றை விட்டு நகர்ந்தான்.

மாலையில் புதுப் பட்டையை அளந்து வெட்டினார்கள். ஒவ்வொரு துண்டின் மூலையையும் வளைவாக நறுக்க வேண்டும் என்பது வெர்டெல்லின் கட்டளை. கூர்மூலை இருந்தால் அங்கிருந்துதான் பிரிய ஆரம்பிக்கும். எந்தப் பக்கம் எதற்கு என்பதில் மட்டும் அவளுக்கும் தம்பிக்கும் சின்னத் தகராறு.

"பஞ்சைச் சுவத்துல ஒட்டினா பாக்க மெத்துனு இருக்கும்ல அக்கா?"

"முள்ளு சுவருக்கு, பஞ்சு துணிக்கு. மாத்தி ஒட்டினவன் திரையைத் துவைக்கப் போட்டா, அந்த முள்ளு போய் மத்த துணி எல்லாத்தையும் கவ்விக்கிட்டு ஒரே உருண்டையா வெளிய வரும். உன் சாக்ஸு எதுன்னு தேடுறதுக்குள்ள விடிஞ்சுரும்."

ஆர்லன் வாயை மூடிக்கொண்டு முள்ளைச் சுவர்ப் பக்கம் வைத்தான்.

சனிக்கிழமை காலையில்தான் தப்பு நடந்தது. அதை யாரும் தப்பு என்று நினைத்துச் செய்யவில்லை.

ஆண்கள் கூடிக் காப்பி குடிக்கும் இடத்துக்கு ஆர்லன் போயிருந்தான். வெர்டெல் முன்னதாகவே வந்துவிட்டாள். வெளிச்சம் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழுந்தது. பழைய பட்டை இருந்த இடங்களில் சுவர் பளிச்சென்றும், சுற்றிலும் மங்கலாகவும் இருந்தது. புண் ஆறிய தழும்பு மாதிரி. அயோன் கதவைத் திறந்ததும் இதைத்தானே பார்ப்பாள்? வெர்டெல்லால் தாங்க முடியவில்லை. தன் வண்டிக்குப் போய், எலுமிச்சை வாசனை அடிக்கும் மெருகுத் தெளிப்பானை எடுத்துவந்து சுவர் முழுக்க அடித்து, மெத்தென்ற துணியால் தேய்த்துவிட்டாள். டிரெய்லர் வைத்திருப்பவர்கள் எல்லாரும் செய்வதுதான். பாலைவனத் தூசி படியாது, சுவர் கண்ணாடி மாதிரி மின்னும். தழும்பெல்லாம் மறைந்தே போனது.

பிறகு இருவருமாகப் பட்டைகளை ஒட்டினார்கள். திரைகளை மாட்டினார்கள். டார்ச்சும் ரிமோட்டும் வாளியிலிருந்து விடுதலையாகிச் சுவருக்கு ஏறின. தடுப்புத் திரை நேராக நின்றது. பெஞ்சின் பலகையிலும் மெத்தையின் அடியிலும் பட்டை ஒட்டினார்கள். ஆர்லன் வெளியே போய், திரும்பி உள்ளே வந்து, யாரோ ஒருவர் வீட்டுக்கு வந்தவனைப் போலச் சுற்றிப் பார்த்தான்.

"அக்கா, இங்க ஒரு ஒழுங்கான மனுஷன் குடியிருக்கான் போலயே."

வெர்டெல் முகத்தைத் திருப்பி, இருமுவதுபோல் காட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வெயில் சுவரில் ஏறியது. மூன்று பேரும் உள்ளே இருந்தார்கள். டுவெய்ன் குறை கண்டுபிடிக்க வந்திருந்தான், ஒன்றும் கிடைக்காமல் சலித்துப்போய் உட்கார்ந்திருந்தான். அப்போது சமையல் மூலைப் பக்கம் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். டார்ச் விளக்கு சுவரில் வழுக்கிக்கொண்டே இறங்கி அடுப்புமேல் உட்கார்ந்தது. எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் திரை ஒன்று, பட்டையோடு சேர்ந்து, அவசரமில்லாமல் இறங்கியது. அடுத்தது. அதற்கடுத்தது. கடைசியில் தடுப்புத் திரை மொத்தமாக டுவெய்னின் தலைமேல் விழுந்தது.

ஆர்லன் சுவரில் விரலை வைத்தான். விரல் வழுக்கியது. முகர்ந்து பார்த்தான்.

"எலுமிச்சை" என்றான்.

வெர்டெல் சுவர் அருகே வந்து தானும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நான்தான்டா" என்றாள் வெர்டெல். "தழும்பு தெரிஞ்சுது. ஒரு கை மெருகு போட்டேன். அதுமேல பசை நிக்காதுங்கிறது எனக்குத் தோணவே இல்ல."

டுவெய்ன் திரைக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தான். "தோணலையா? இல்ல வேணும்னே பண்ணிட்டீங்களா? தம்பி ஜோடி சேந்துட்டா வடக்கே தனியா போகணுமேன்னு..."

"யோவ் டுவெய்ன்."

ஆர்லன் குரலை உயர்த்தவில்லை. நாற்பது பிள்ளைகள் கத்தும் பஸ்ஸில் அவன் பயன்படுத்திய குரல் அது. அந்தக் குரலுக்குப் பஸ்ஸே அடங்கும்.

"என்ன?"

"எந்திரி. வெளிய போ. நாளைக்குக் காப்பி எடுத்துக்கிட்டு வா. இன்னிக்கு வேண்டாம்."

டுவெய்ன் போனபிறகு வெர்டெல் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன் சொன்னதில் ஏதாவது உண்மை இருக்கிறதா என்று தன் மனசை, அலமாரியைத் துழாவுவதுபோல மூலை மூலையாகத் துழாவிப் பார்த்தாள். தம்பி வண்டியின் பின்விளக்கைப் பார்த்தபடி பின்னால் போகும் நீண்ட சாலை ஞாபகம் வந்தது. வருத்தம் இருந்தது. கெட்ட எண்ணம் இல்லை. அது தெரிந்ததும் எழுந்தாள்.

"இந்தப் பட்டை திரும்ப ஒட்டாது. பசையில மெருகு ஏறிருச்சு. என்கிட்ட இன்னொரு சுருள் இருக்கு. அகலமா இருக்கும், ரெண்டாப் பிளந்துக்கலாம்."

"உன்கிட்ட ஏன் இன்னொரு சுருள் இருக்கு?"

"முதல் சுருள் தீந்துபோனா வேணும்ல?"

பெஞ்சுப் பலகைக்கு மெருகு போடாததால் மெத்தைப் பட்டைகள் மட்டும் தப்பியிருந்தன. மற்ற சுவரையெல்லாம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார்கள். ஒருமுறை துடைத்த துணியை மறுபடி தொடவில்லை, புதுத் துணி எடுத்து இன்னொருமுறை துடைத்தார்கள். விரல் வைத்தால் 'கீச்' என்று சத்தம் வரும்வரை விடவில்லை. பட்டையை ஒட்டிய பிறகு அழுத்துவதற்கு வெர்டெல் தன் உருளைக்கிழங்கு ரொட்டி தேய்க்கும் கட்டையைக் கொண்டுவந்தாள். அம்மாவின் ஊரான நார்வேயிலிருந்து வந்த வழக்கம் அந்த ரொட்டி. வரிவரியாகச் செதுக்கிய கட்டை அது. ஆர்லன் ஒவ்வொரு பட்டைமேலும் அதை உடம்பு பாரம் முழுக்கப் போட்டு உருட்டினான். முடிக்கும்போது மலைக்குப் பின்னால் வானம் செம்பு நிறமாகியிருந்தது.

வெர்டெல் திரையைக் கையில் எடுத்தாள். அவன் அதை வாங்கி மடித்துப் படுக்கைமேல் வைத்தான்.

"மாட்ட வேண்டாம் அக்கா. பசை பிடிக்க ஒரு நாள் ஆகும். சுருள்லயே போட்டிருக்கு. அதுக்கு முன்னாடி பாரம் ஏத்தினா மறுபடியும் கதை கந்தல்."

"அப்ப அவகிட்ட அடுத்த தடவை வரச் சொல்லிரு."

"கழிவுத் தொட்டி வாய்வரைக்கும் நிக்குது. அது அயோனுக்காகக் காத்திருக்காது."

"திரையில்லாம வெறும் சுவத்தைப் பாத்தா அவ என்னடா நெனப்பா?"

"இன்னும் காயலன்னு நெனப்பா. காயலதானே?"

"நாலு கிளிப்பு போட்டு..."

"வேண்டாம் அக்கா. கிளிப்புப் போட்டுத்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன்."

வெர்டெல் திரைகளை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி இறுகக் கட்டி, படுக்கையின் நடுவில் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை, டிரெய்லரை இழுக்கும் ஆர்லனின் பிக்கப் வண்டியின் முன்சீட்டில் அயோன் ஏறிக்கொண்டாள். சாம்பல் நிறக் கம்பளி ஸ்வெட்டர், தலையில் தொப்பி. பின்சீட்டில் காலித் தண்ணீர்க் கேன்களோடு வெர்டெல். வரிப்பாதையில் இறங்கியதும் கேன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தன. மனிதர்கள் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"என் வீட்டுக்காரரும் இப்படித்தான் ஓட்டுவாரு!" என்று அயோன் கத்தினாள். "ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்தா எல்லாம் ஒரே குவியலா கிடக்கும். திரை, தட்டு, மெத்தை, என் தையல் பெட்டி. 'பிடிச்சிருக்கும் பிடிச்சிருக்கும்'னு சொல்லிச் சொல்லியே கிளம்புவாரு. ஒரு தடவைகூடப் பிடிச்சதில்ல."

ஆர்லன் வேகத்தைக் குறைத்தான். வெர்டெல் கண்ணை மூடிக்கொண்டாள்.

தொட்டியைக் காலி செய்தார்கள். தண்ணீர் நிரப்பினார்கள். திரும்பி வந்து, சரளைக் கல்லில் வண்டி நின்றபோது அரை வட்டமாக ஆட்கள் காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தார்கள். டுவெய்ன் மடக்கு நாற்காலியே கொண்டுவந்திருந்தான்.

எஞ்சினை அணைத்த பிறகு ஆர்லன் உடனே இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

"அயோன், திறக்குறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். உள்ள திரை எதுவும் மாட்டல. நேத்து சாயங்காலம்தான் பட்டை ஒட்டினேன். பசை இன்னும் முழுசாப் பிடிக்கல. பிடிச்சிருக்கும்னு நான் சொல்ல முடியாது."

"அப்ப எதைப் பாக்கறதுக்கு நான் இந்த ரோட்டுல இடுப்பு ஒடிய வந்தேன்?"

"அது எனக்கும் தெரியல."

"தப்பு என்னோடது" என்று வெர்டெல் பின்சீட்டிலிருந்து தலையை நீட்டினாள். "முதல்ல ஒட்டினதெல்லாம் நான் மெருகு போட்ட சுவத்துல வழுக்கி விழுந்துருச்சு."

அயோன் திரும்பிப் பார்த்தாள். "எலுமிச்சை வாசனை அடிக்குமே, அதா?"

"அதேதான்."

"என் குளியலறைக் கண்ணாடி போன வாரம் ஏன் விழுந்துச்சுன்னு இப்பதான் தெரியுது" என்று சொல்லிவிட்டு அயோன் இறங்கினாள்.

கதவைத் திறந்தாள். கூட்டம் எட்டிப் பார்த்தது. எதுவும் விழுந்திருக்கவில்லை. விழுவதற்கு எதுவும் இல்லை. வெறும் ஜன்னல்கள், வெறும் சுவர், கறுப்புக் கறுப்பாகப் பட்டைகள், படுக்கையில் பெல்ட் கட்டிய ஒரு மூட்டை.

"கள்ளாட்டம்!" என்று டுவெய்ன் நாற்காலியிலிருந்து எழுந்தான். "எல்லாத்தையும் கழட்டி வெச்சுட்டு ஓட்டியிருக்கான். இது கணக்குல வராது!"

"ஏன் வராது? பாத்திரம் இருக்கே, விழுந்துச்சா?" என்றது ஒரு குரல்.

"திரைக்குத்தானே போட்டி?"

"போட்டின்னு யார் சொன்னா?"

வெளியே வழக்கு முற்றிக்கொண்டிருக்கும்போது அயோன் படியேறி உள்ளே போனாள். ஆர்லனும் வெர்டெல்லும் பின்னால் போனார்கள். இடம் குறுகல். ஜன்னலைக் குனிந்து பார்த்துவிட்டு அயோன் திரும்பியபோது அவளுடைய கம்பளி ஸ்வெட்டரின் கை முழுவதும் சுவரிலிருந்த முள்பட்டையில் அப்பிக்கொண்டது. இழுத்தாள். வரவில்லை. விடுவிக்கப் போன மறு கையும் அடுத்த பட்டையில் மாட்டியது. இரண்டு கையும் சுவரில், முதுகு கதவுப் பக்கம். போலீஸ் சோதனை போடுகிற ஆள் மாதிரி நின்றாள்.

"அசையாதீங்க, நான் எடுக்கிறேன்" என்றான் ஆர்லன்.

"தொடாதீங்க" என்றாள் அயோன். "அது விடுதா நான் விடுறேனான்னு பாத்துடறேன்."

காலை ஊன்றினாள். ரொட்டி மாவு பிசைந்து பிசைந்து உரமேறிய தோள். பலம் முழுவதையும் போட்டு இழுத்தாள். சுவர்ப் பலகை லேசாக முனகியது. வெர்டெல் தன்னை அறியாமல் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் ஒரு நாள்கூட ஆகாத பசை. 'க்ரரரச்' என்று ஒரு நீண்ட சத்தம். அயோன் பின்னால் தடுமாறி வந்து பெஞ்சில் பொத்தென்று விழுந்தாள்.

சுவரில் இரண்டு பட்டையும் இருந்த இடத்தில் இருந்தன. அவற்றின்மேல் சாம்பல் நிறக் கம்பளி, பூனைக்குட்டி மாதிரி அப்பியிருந்தது. ஸ்வெட்டரின் இரண்டு கையும் நூல் பிரிந்து பரட்டையாகிவிட்டன.

அயோன் தன் கையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு ஏதோ தோன்றி, உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கினாள். மெத்தை நகரவில்லை. காலை இன்னும் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தாள். அப்போதும் நகரவில்லை.

"கேட்டதுக்குப் பதில் சொல்லணும்ல" என்றாள். "வரேன்."

ஆர்லனின் முகம் காதுவரை சிவந்தது.

"ஆனா என் வண்டியும் வரும். அதை நான் விக்கப் போறதில்ல. உங்க வீட்டுல சாப்பாடு, என் வீட்டுல தூக்கம். குறட்டை எப்படின்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு மத்ததைப் பாத்துக்கலாம்."

"அவன் குறட்டை என் வண்டிவரைக்கும் கேக்கும்" என்றாள் வெர்டெல்.

"அக்கா!"

"உண்மையைத்தானேடா கேட்டே, வியாழக்கிழமையிலேருந்து?"

"அப்ப நீங்க முன்னாடி போங்க வெர்டெல்" என்றாள் அயோன். "நடுவுல நான் வரேன். இவரு கடைசியில வரட்டும். வழி தப்புவாருன்னு எல்லாரும் சொல்றாங்க."

"நானா? முப்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன்!"

"ஒரே ரூட்டுல" என்றாள் வெர்டெல்.

வடக்கே போகும் சாலையில் தனக்கு முன்னால் யார் விளக்கும் இல்லாமல் ஓட்டுவதை அவள் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். பயமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். இல்லை. வரைபடத்தை எங்கே வைத்தோம் என்றுதான் யோசனை ஓடியது.

வெளியே 'என்ன ஆச்சு, என்ன ஆச்சு' என்று குரல்கள். ஆர்லன் வாசலில் போய் நின்றான். தலையை மட்டும் ஆட்டினான். கூட்டம் கோப்பைகளைத் தட்டி ஆரவாரம் செய்தது. யாரோ காப்பியைக் கொட்டிக்கொண்டு திட்டினார்கள்.

வெர்டெல் ஜன்னலோரம் போய்ப் பட்டையின் நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். ஒரு மூலைகூடக் கிளம்பவில்லை. ஜன்னலைத் திறந்து வெளியே தலையை நீட்டினாள்.

"டுவெய்ன்! அந்த நாற்காலியை விட்டு எந்திரிச்சு உள்ள வா. வந்து இதை இழுத்துப் பாரு. என் தம்பி ஒட்டினது."